மூன்றாம் நபர்

நெற்குப்பைக்குத் தெற்கே
பெயர்ப்பலகை இல்லாத மொட்டைப்பாறை.
மாசி மாதம், காலை பத்தரை.
ஸ்கூட்டரைப் புளியமரத்தடியில் விட்டு
பதினெட்டுக் கிலோ பையை முதுகில் ஏற்றி
நாற்பது நிமிடம்.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் தடுப்பார்கள்,
தடுத்தால் பொய் சொல்வேன்,
பொய்யைவிடச் சும்மா இருப்பது
சுத்தம் என்று ஒரு கணக்கு.

தனியே பறக்காதே என்று
பயிற்சியில் முதல்நாளே சொன்னார்கள்.
தலையாட்டினேன்.
காரைக்குடிக் காப்பீட்டு அலுவலகத்தில்
பதினோரு வருடமாக
அடுத்தவர் அஜாக்கிரதையைப் படித்துப் படித்துக்
கையெழுத்துப் போடுகிறவள் நான்.
படிவத்தில் மூன்றாம் நபர் என்றொரு கட்டம் உண்டு.
என் உயிர், என் கயிறு, என் ஞாயிற்றுக்கிழமை.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடலாம்.

காற்று பார்க்கக் கொடி நட்டதில்லை.
கிழக்கே கருவேலங்காட்டில் எப்போதும் ஒரு புகை.
நிமிர்ந்து நின்றால் காத்திருப்பேன்,
என் முகத்துக்குச் சாய்ந்தால் விரிப்பேன்,
தரையோடு படுத்தால் பையை மூடிவிடுவேன்.
ஏழு மாதம் அப்படித்தான்.
புகை என்றால் புகை.

அன்று நான்கடி ஓடினேன்.
ஐந்தாவது அடிக்குப் பாறை இல்லை.
பருந்து வட்டமிட்ட இடத்தில் நானும் வட்டமிட்டேன்.
தோளிலிருந்த கருவி கூவிக்கூவி ஏறியது,
வயிறு மட்டும் கீழேயே நின்றுவிட்டது.
ஊருணி ஒரு சில்லறைக் காசு.
ஊர்ப்பக்கம் பெரிய வீடுகளின் நடுவே
சதுரம் சதுரமாக வளவுகள்,
தெருவுக்குக் காட்டாததை எனக்குக் காட்டின.
ஒன்றில் யாரோ வற்றல் காயவைத்திருந்தார்கள்.
சத்தமாகச் சிரித்தேன்.
அங்கே அது யார் காதிலும் விழாத சிரிப்பு.

பிறகு விதானத்தின் இடப்பாதி
ஈரத்துணி மாதிரி மடிந்தது.
திறந்தது. மறுபடி மடிந்தது.
விழுந்தேன் என்று சொல்லக்கூடாது,
கருவேலமுள் பிடித்துக்கொண்டது.
கணுக்கால் தன் பாட்டுக்கு வேறு திசை பார்த்தது.
போன் பொடிப்பொடி.
விசில் ஊதினேன்,
ஒரு முயல் ஓடியது.

அரிவாள் சத்தம் முதலில் வந்தது,
பிறகு இருமல்,
பிறகு கரி அப்பிய வேட்டி.
"அப்பவே நெனச்சேன்,
இன்னிக்கு எறக்கம் சரியில்லையேன்னு."
இன்னிக்கா?
ஒவ்வொரு ஞாயிறும் பார்ப்பாராம்.
நான் தரை தொடும்வரை
சோற்றில் கை வைக்கமாட்டாராம்.
"கூட யாரும்மா?"
"யாருமில்லை."
"சொல்லிட்டு வந்தியா?"
முள்ளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே கேட்டார்.

சேவுகமூர்த்தி. கரிமூட்டம் போடுகிறவர்.
என்னைத் தூக்கிச் சுமந்து மினிபஸ்ஸில் ஏற்றி
அவர் திரும்பிப் போனபோது
மூட்டத்தின் மண் வாய் பிளந்திருந்தது.
காற்றுப் புகுந்த விறகு கரியாகாது.
நாலு ராத்திரி கண்விழித்ததெல்லாம் சாம்பல்.

மாவுக்கட்டோடு போய் நின்றேன்.
புகை இல்லை.
கிழக்கு முழுக்க வெறும் கிழக்கு.
எவ்வளவு என்றேன்.
வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன்,
கதைகளில் அப்படித்தான்.
"பதினாறு மூட்டை" என்றார்.
வாங்கி எண்ணினார்.
எச்சில் தொட்டு இன்னொருமுறை எண்ணினார்.

இப்போதும் தனியேதான் ஏறுகிறேன்.
சரியா என்றால், தெரியவில்லை.
பாறையில் நின்று ஒரு மிஸ்டு கால்.
மூட்டம் பிரிக்கிற நாளென்றால்
திருப்பி அழைத்து "வேணாம்" என்பார்.
காற்று எப்படி இருந்தாலும் பையை மூடிவிடுவேன்,
முணுமுணுத்துக்கொண்டே.
இறங்கியதும் இன்னொரு மிஸ்டு கால்.
கட் பண்ணிவிடுவார்.
சாப்பிடப் போகிறார் என்று அர்த்தம்.

போன வாரம் கட் பண்ணவில்லை, எடுத்தார்.
"மேலேருந்து பாத்தியே,
நம்ம மூட்டத்துல எங்கயாச்சும்
வெடிப்பு தெரிஞ்சுதா?"

தெரிந்தது.
தெற்குப் பக்கம், நூலளவு.